மர நிழலுக்கு ஒரு குட்டி ஐரிஸ்: எங்கே வாங்கலாம், எப்படி நடலாம்

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வீட்டுக்குப் பின்னால் பெரிய ஓக் மரங்கள் நிற்கும் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பொதுவான குறை உண்டு. மரத்தடியில் புல் நிற்காது. எத்தனை முறை விதைத்தாலும் ஓரிரு மாதங்களில் வெறும் மண்தான் மிஞ்சும். அந்த இடத்துக்கென்று பெரிய கடைகளில் அடுக்கி வைத்திருப்பவை பெரும்பாலும் இங்கிலீஷ் ஐவியும் வின்காவும்தான். இரண்டும் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவை; வேலியைத் தாண்டிப் பக்கத்துக் காட்டுக்குள் புகுந்து, அங்கே இயல்பாக வளரும் சிறுசெடிகளை மூடிவிடுபவை; அதனாலேயே வட கரோலினாவில் ஆக்கிரமிப்புச் செடிகளின் பட்டியலில் இடம்பெற்றவை. அவற்றுக்கு மாற்றாக, இந்தக் காடுகளிலேயே தோன்றி வளர்ந்த ஐரிஸ் கிரிஸ்டாட்டா என்னும் குட்டைப் பூச்செடியை வாங்கி வளர்த்துவருகிறேன். கடைகளில் அது 'டுவார்ஃப் க்ரெஸ்டட் ஐரிஸ்' என்ற பெயரில் கிடைக்கும்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செடி அருமையானது, கொடுக்கும் பணத்துக்குத் தகுந்தது, நிழலுள்ள தோட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஐரிஸ் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அதை யாரிடம் வாங்குகிறோம், எவ்வளவு ஆழத்தில் நடுகிறோம் என்னும் இரண்டுமே அது தழைக்குமா அழுகுமா என்பதைத் தீர்மானிக்கின்றன. அதனால், ஒரே செடியாக இருந்தும், அதை விற்றவர்களுக்கு நேர் எதிரான மதிப்பெண்களைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஐரிஸ் என்றவுடன் பலரும் நினைப்பது இடுப்பளவு உயர்ந்து, வெயிலில் நின்று, பெரிய பூக்களின் பாரம் தாங்காமல் சாயும் தாடி ஐரிஸை. கிரிஸ்டாட்டா அதற்கு முற்றிலும் மாறானது. பூக்கும் காலத்தில் அதன் உயரம் ஆறு அங்குலத்தைத் தாண்டாது. மேரிலாந்து, பென்சில்வேனியா தொடங்கித் தெற்கே ஜார்ஜியா, அலபாமா வரையிலும், மேற்கே மிசௌரி, ஆர்கன்சா, ஓக்லஹோமா வரையிலும் பரவியுள்ள இது, அப்பலாச்சியன் மலைகளிலும் ஓசார்க் மலைகளிலும் பாறை கலந்த சரிவுகளிலும், ஓடைக்கரை மேடுகளிலும், இலையுதிர் மரங்களின் அடியிலும் கூட்டமாக வளர்கிறது. வடக்கு எல்லையான மேரிலாந்திலும் பென்சில்வேனியாவிலும் இது அரிது. கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் ஏப்ரல் மாதத்தின் நடுவில் நடப்பவர்கள், நடைபாதை ஓரங்களில் இது பாய் விரித்தாற்போல் பூத்திருப்பதைப் பார்த்திருப்பார்கள்.

பூவைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். ஆனால் குனிந்து பார்த்தவர் சட்டென்று நிமிர மாட்டார். வெளிர் ஊதா நிறத்தில் இரண்டு, இரண்டரை அங்குல அகலத்தில் விரியும் அந்தப் பூவில் கீழ்நோக்கிப் படிந்த மூன்று இதழ்களும், சற்றே நிமிர்ந்த மூன்று இதழ்களும் உண்டு. கீழிதழ் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வெள்ளைத் திட்டு. அதைச் சுற்றி அடர் ஊதாவில் மெல்லிய கரை. திட்டின் மேல் நீளவாக்கில் ஓடும் மூன்று வரம்புகள், மஞ்சளும் ஆரஞ்சும் கலந்து, சேவலின் கொண்டையைப் போல ஓரம் நெளிந்து நிற்கும். தாடி ஐரிஸில் மயிர்க்கற்றை இருக்கும் இடத்தில் இதற்கு இந்தக் கொண்டை. தேனீ வந்து இறங்கும்போது அதன் கால் படுவது இந்த வரம்புகளின் மேல்தான். அங்கிருந்து அது, இதழைப் போலவே தோற்றமளிக்கும் சூல்தண்டின் அடியில் நுழைந்து தேனை நோக்கி ஊர்ந்து செல்லும். போகும் வழியில் முதுகு முதலில் சூல்முடியின் உதட்டில் உரசும், அதன் பிறகே மகரந்தப்பையைத் தொடும். அதனால் முந்தைய பூவில் ஏற்றிக்கொண்ட மகரந்தம் இந்தப் பூவுக்கு வந்து சேர்கிறது. பூவைத் தாங்கி நிற்பதும் உண்மையில் காம்பு அன்று. இதழ்கள் அடியில் ஒன்றுசேர்ந்து நீண்ட குழாயே காம்பாகத் தெரிகிறது. தரையோடு தரையாக அமர்ந்து கவனித்தால் இவ்வளவும் வெறும் கண்ணுக்கே புலப்படும்.

இனி வாங்குவதைப் பற்றி. இந்தச் செடி பொதுவாக மூன்று வழிகளில் கிடைக்கிறது: அஞ்சலில் வரும் மண்ணில்லாக் கிழங்கு, உள்நாட்டுச் செடிகளை மட்டும் வளர்க்கும் நர்சரிகளின் தொட்டிச் செடி, தாவரவியல் பூங்காக்களின் விற்பனைப் பகுதியில் வைக்கப்படும் செடி. மூன்றையும் வாங்கிப் பார்த்திருக்கிறேன்.

மண்ணில்லாக் கிழங்கை இணையத்தில் விற்கும் நிறுவனங்கள் பல. நான் வாங்கிய நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, ஏனெனில் நான் சொல்ல வருவது அதற்கு மட்டும் பொருந்தும் குறை அன்று. படம் பளபளப்பாக இருந்தது. மூன்று கிழங்குகளின் விலை, ஒரு தொட்டிச் செடியின் விலையை ஒட்டியே இருந்தது. கணக்குப் பார்த்தால் லாபம் போலத் தோன்றியது. வந்து சேர்ந்ததோ ஈரக் காகிதத்தில் சுற்றி, காற்றுப்புகாத பிளாஸ்டிக் உறையில் அடைத்த மெல்லிய தண்டுத் துண்டுகள். அவற்றில் ஒன்று தொட்டவுடன் கூழாக நசுங்கியது. மற்ற இரண்டில் தளிர்முனை இருந்தது, வேர் என்று சொல்ல இரண்டு மூன்று இழைகள் இருந்தன. நட்டதில் ஒன்று பிழைத்தது. ஆனால் அது பூக்குமளவுக்குத் தேறுவதற்குள், தொட்டியில் வாங்கிய செடி பரவி ஒரு முழம் அகலத்துக்கு வந்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது மாற்றுக் கிழங்கு அனுப்புவதாகச் சொன்னார்கள், அதற்கும் அனுப்புச் செலவை நானே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

இந்தச் செடியின் கிழங்கு தாடி ஐரிஸின் கிழங்கைப் போன்றதன்று என்பது இங்கே முக்கியம். தாடி ஐரிஸின் கிழங்கு தடித்து, நீரும் மாவும் சேமித்துக் கொழுத்திருக்கும். வாரக்கணக்கில் அலமாரியில் கிடந்தாலும் முளைத்துவிடும். கிரிஸ்டாட்டாவின் கிழங்கு பென்சிலைவிட மெலிந்த கயிறாக ஓடி, அங்கங்கே மட்டும் சிறு முடிச்சாகத் தடிக்கிறது. அந்த முடிச்சின் அடியிலிருந்துதான் வேர் இறங்குகிறது, அதன் நுனியிலிருந்துதான் விசிறிபோல் இலைகள் எழுகின்றன. முடிச்சு இல்லாமல் நடுவில் வெட்டிய துண்டு வெறும் குச்சிதான். சேமிப்பு குறைவு என்பதால் நீண்ட நாள் பயணத்தையும் அது தாங்காது. இதைத் தெரிந்தவர்கள் அஞ்சலில் அனுப்புவதாக இருந்தாலும் மண்கட்டியோடு சிறு தொட்டியில்தான் அனுப்புகிறார்கள். ஆகவே கிழங்கின் விலை மலிவாகத் தெரிந்தாலும் பிழைத்து நிற்கும் ஒவ்வொரு செடிக்கும் ஆகும் செலவைக் கணக்கிட்டால் அது மலிவன்று.

விலையைவிட எனக்குக் கவலை தந்தது வேறொன்று. அந்த நிறுவனத்தின் பக்கத்தில் செடி 'நர்சரி குரோன்' என்று குறிக்கப்பட்டிருந்தது. நர்சரியில் வளர்ந்தது என்ற அந்தச் சொற்றொடர், அது நர்சரியிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டது என்று உறுதியளிப்பதில்லை. காட்டிலிருந்து தோண்டி எடுத்த செடியை ஒரு பருவம் பாத்தியில் வைத்திருந்தாலும் 'நர்சரி குரோன்' என்று சொல்லிக்கொள்ள முடியும். நாம் தேட வேண்டிய சொல் 'நர்சரி ப்ராபகேட்டட்'. அதாவது விதையிலிருந்தோ, ஏற்கெனவே வளர்ப்பில் உள்ள தாய்ச்செடியைப் பிரித்தோ உண்டாக்கியது. அந்த நிறுவனத்துக்கு நேரடியாக எழுதிக் கேட்டேன். தாய்ச்செடி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குக் கடைசிவரை பதில் வரவில்லை. நல்ல விற்பனையாளர் இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை, அவர் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும். காட்டில் ஒரு சரிவு முழுக்கப் பரவியிருக்கும் கூட்டம் மெல்ல மெல்லப் பரவி உருவானது; மண்வெட்டியோடு வரும் ஒருவர் அதை ஒரே காலைப்பொழுதில் தோண்டித் தீர்த்துவிட முடியும். தேசியப் பூங்காக்களுக்குள் செடியைத் தோண்டுவது சட்டப்படி குற்றம். அடுத்தவரின் நிலத்தில் அனுமதியின்றித் தோண்டுவதும் அப்படியே. ஆனால் தோண்டியதை வாங்கும் கை இருக்கும்வரை அது நிற்காது.

உள்நாட்டுச் செடிகளை மட்டும் வளர்க்கும் ஒரு சிறு நர்சரியில் கிடைத்த அனுபவம் முற்றிலும் வேறாக இருந்தது. குவார்ட் (ஏறக்குறைய ஒரு லிட்டர்) அளவுத் தொட்டி ஒன்று பன்னிரண்டு டாலருக்கு அருகில் இருந்தது. தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் கிழங்குகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு தொட்டியிலும் ஐந்தாறு விசிறிகள் இருந்தன. விற்றவர் தொட்டியைக் கவிழ்த்து வேரைக் காட்டினார்: வெளிர் நிறத்தில், உறுதியாக, பைன் பட்டைத் துகளுக்குள் பின்னிப் பிணைந்திருந்தது. தாய்ச்செடி எந்த மாவட்டத்துச் செடி, எப்போது பிரித்தார்கள் என்பதையெல்லாம் கேட்காமலே சொன்னார். எனக்கு அந்தப் பன்னிரண்டு டாலர் அதிகமாகத் தோன்றவில்லை. அப்படிப்பட்ட ஒரு தொட்டியைக் கவனமாகப் பிரித்தால் மூன்று இடங்களில் நடலாம்.

மூன்றாவது வழி தாவரவியல் பூங்காக்கள். சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா தாவரவியல் பூங்கா, காட்டிலிருந்து எடுக்காமல் இனப்பெருக்கம் செய்து பரப்புவதன் வழியே உள்நாட்டுச் செடிகளைக் காப்பது என்னும் கொள்கையை நெடுங்காலமாகக் கடைப்பிடித்துவரும் நிறுவனம். அங்கே விற்பனைக்கு வைக்கும் செடிகளைப் பற்றித் தனியே விசாரிக்க வேண்டிய தேவை இல்லை. செடி எப்படி வளர்ந்த பிறகு தோற்றமளிக்கும் என்பதை அங்கேயே பாத்தியில் பார்த்துவிட்டு வாங்கலாம் என்பது வேறெங்கும் கிடைக்காத வசதி. குறை என்றால் ஒன்றுதான்: எல்லா நாளும் எல்லாச் செடியும் இருக்காது. குறிப்பாக இந்த ஐரிஸ் வசந்தத்தில் பூவோடு வைக்கப்பட்டால் விரைவில் தீர்ந்துவிடும்.

நடுவதில் ஒரே ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும்: கிழங்கைப் புதைக்கக் கூடாது. மஞ்சள், இஞ்சி நட்டுப் பழகிய நம் கைகள் கிழங்கு என்றதும் குழி தோண்டி மண்ணால் மூடிவிடும். இந்தச் செடியை அப்படி மூடினால் அழுகும், அழுகாவிட்டாலும் பூக்காது. காட்டில் இது கிடக்கும் விதத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். கிழங்கு தரையின் மேல், உதிர்ந்த இலைகளுக்கு நடுவே, ஊர்ந்து செல்கிறது; முதுகு வெளியே தெரியும், வேர் மட்டுமே மண்ணுக்குள் இறங்கும். ஆகவே பாத்தியில் விரலால் ஆழமற்ற ஒரு வாய்க்கால் கீறி, கிழங்கை அதில் கிடத்தி, இருபுறமும் வேரைப் பரப்பி, வேரின் மேல் மட்டும் மண்ணைத் தள்ளி அழுத்த வேண்டும். முதல் சில வாரங்கள் அது பிடிப்பில்லாமல் ஆடும். அணில் கிளறினால் வெளியே வந்துவிடும். கைப்பிடி அளவுள்ள தட்டைக் கல்லைக் கிழங்கின் பக்கத்தில் வைத்தால் வேர் பிடிக்கும்வரை அது அசையாது, கல்லின் அடியில் ஈரமும் நிற்கும்.

வட கரோலினாவின் தலைநகரான ராலேயைச் சுற்றியுள்ள செங்களிமண்ணில் இந்தச் செடி வளருமா என்று கேட்பவர்கள் பலர். வளரும், ஆனால் தட்டையான தரையில் வளராது. களிமண் அன்று சிக்கல், தேங்கும் நீரே சிக்கல். குளிர்காலத்தில் மழைநீர் நாள்கணக்கில் நிற்கும் பள்ளத்தில் இந்தச் செடியை நட்டால் கிழங்கு கெட்டுவிடும். இயற்கையாகச் சரிவுள்ள இடம் இருந்தால் அதுவே சிறந்தது. இல்லையென்றால் பைன் பட்டைத் துகளையும் இலைமக்கையும் மேல்மண்ணோடு கலந்து, நான்கைந்து அங்குல உயரத்துக்கு மேடாக்கி அதன் மேல் நடலாம். உரம் தேவையே இல்லை. அதிகமாக உரமிட்ட பாத்தியில் இலை கொழுத்துப் பூ குறைகிறது. மண் சற்று அமிலத்தன்மையோடு இருந்தாலும் சுண்ணாம்புப் பாறை கலந்திருந்தாலும் இரண்டிலும் வளரக்கூடிய செடி இது. குளிரைப் பற்றியும் கவலை இல்லை. 2023ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க வேளாண் துறையின், குளிர்காலக் கடுங்குளிரின் அளவை வைத்து இடங்களைப் பிரிக்கும், குளிர்மண்டல வரைபடத்தின்படி ராலே 8ஏ மண்டலத்தில் இருக்கிறது; இந்தச் செடியோ அதைவிட எவ்வளவோ கடுமையான பனியைத் தாங்கும். இங்கே அதற்கு எதிரி கோடை வெயில்தான்.

நிழலின் அளவையும் சொல்ல வேண்டும், ஏனெனில் 'நிழல் செடி' என்ற அட்டையை நம்பி அடர்ந்த இருட்டில் நட்டுவிட்டு, பூக்கவில்லை என்று குறைசொல்லும் மதிப்புரைகளை நிறையப் பார்க்கிறேன். இது இலையுதிர் காட்டின் செடி. மரங்கள் துளிர்க்குமுன் மார்ச், ஏப்ரல் மாதங்களில் தரைமேல் விழும் வெயிலை வாங்கிக்கொண்டு பூத்து, மே மாதத்தில் மேலே கூரை மூடியதும் நிழலில் கோடையைக் கழிப்பது அதன் இயல்பு. அதனால் ஓக், மேப்பிள், டாக்வுட் மரங்களின் கீழ் அது நிறைவாகப் பூக்கும். ஆண்டு முழுவதும் இருண்டிருக்கும் பசுமைமாறா மரங்களின் அடியிலோ வீட்டின் வடசுவரை ஒட்டியோ இலையை மட்டும் தரும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் கிழக்கு ஓரம் என் தோட்டத்தில் அதற்கு மிகவும் ஒத்துவந்த இடம். முழு வெயிலில் நட்டுத் தினமும் நீர் ஊற்றினாலும் ஜூலையில் இலைநுனி கருகும்.

பெயரிட்ட ரகங்கள் பல கிடைக்கின்றன. அவற்றுள் நான் வளர்ப்பவற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 'டென்னசி வைட்' தூய வெள்ளை, அதில் மஞ்சள் கொண்டை. மங்கிய மாலை வெளிச்சத்தில் ஊதாப் பூ கண்ணுக்குத் தெரியாமல் போகும் இடத்தில் இது தெளிவாகத் தெரியும், பரவுவதிலும் வேகம் உண்டு. 'பவுடர் ப்ளூ ஜெயன்ட்' பெயருக்கேற்பச் சற்றுப் பெரிய, வெளிறிய நீலப் பூவைத் தருகிறது. ஆனால் பூ பெரிதானபோது அந்தத் தரைமலரின் அளவான அழகு கொஞ்சம் குறைந்துவிட்டதாகவே எனக்குப் படுகிறது. 'ஈகோ ப்ளூபேர்ட்' நிறத்தில் அடர்த்தியானது. மூன்றில் எனக்குப் பிடித்தது அதுவே. ஆனாலும் ஒரே ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் ரகப்பெயர் இல்லாத, விதையிலிருந்து வளர்த்த செடியையே வாங்கச் சொல்வேன். பெயரிட்ட ரகம் என்பது ஒரே செடியைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கியது; எங்கே வாங்கினாலும் மரபு அளவில் அது ஒரே செடிதான். விதைச்செடிகளிலோ ஒன்றுக்கொன்று நிறம் சிறிது மாறும், கரையின் அழுத்தம் மாறும், மொட்டவிழும் நாளும் முன்பின்னாகும். பாத்தியில் பூக்காலம் அதனாலேயே சில நாள் நீள்கிறது.

பூக்காலம் நீளமானதன்று என்பதை வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டும். தனிப்பூ ஓரிரு நாளில் வாடும். பாத்தி முழுவதுமாகச் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு வாரம் பூத்திருக்கும். அதற்காக மட்டும் வாங்குகிறவருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். பூ முடிந்த பிறகு இலைகள் நீண்டு, வளைந்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, வெளிர்பச்சை அலைபோலத் தரையை மூடுகின்றன. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அந்த இலைப்பரப்புதான் இந்தச் செடியின் உண்மையான பயன். அக்டோபரில் மஞ்சளித்து, பனி விழுந்ததும் மறைந்துவிடும். குளிர்காலத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்கும் என்பதை ஏற்க முடியாதவர், ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும் கிறிஸ்துமஸ் ஃபெர்னை இடையிடையே நட்டுக்கொள்ளலாம். ஃபோம்ஃப்ளவர் என்னும் நிழல்செடியும் இதற்கு நல்ல துணை: இரண்டும் ஒரே காலத்தில் பூக்கும், ஒன்றையொன்று நெருக்காது.

பராமரிப்பு என்று சொல்ல அதிகம் இல்லை, இரண்டைத் தவிர. முதலாவது நத்தைகள். வசந்தத்தில் தளிர் வெளிவரும்போது ஓடில்லா நத்தைகள் இரவில் வந்து மொட்டை மென்றுவிடும். மழை நிறைந்த ஏப்ரலில் விளக்கோடு போய்ப் பொறுக்குவதே நம்பகமான வழி. இரண்டாவது உதிர்ந்த இலை. காட்டுச்செடிதானே, இலை கிடந்தால் நல்லது என்று எண்ணி விட்டுவிடுவதில் ஓர் அபாயம் இருக்கிறது. அகலமான ஓக் இலைகள் மழையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டித் தகடாகிவிட்டால் கிழங்குக்குக் காற்றே போகாது. மலைச்சரிவில் காற்றும் நீரோட்டமும் அந்த இலையை நகர்த்திவிடும். வீட்டுத் தோட்டத்தில் அந்த வேலையை நாம் செய்ய வேண்டும். பாத்தியின் மேல் தடித்துக் கிடப்பதை நவம்பர் இறுதியில் கையால் அள்ளி, நறுக்கி, மெல்லிய மூடாக்காகத் திரும்பத் தூவினால் போதும். ராலே தெருக்களில் நிறைந்து நிற்கும் வில்லோ ஓக் மரத்தின் இலை குறுகலானது என்பதால் அதற்கு இவ்வளவு கவலை வேண்டாம். பைன் ஊசி மூடாக்கையும் போடலாம், ஆனால் கிழங்கின் முதுகு தெரியுமளவுக்கு மெல்லியதாக.

மான் தொல்லை உள்ள பகுதிகளில் இந்தச் செடியின் மதிப்பு இன்னும் கூடுகிறது. இலையழகுக்காக வளர்க்கும் நிழல்செடியான ஹோஸ்டாவை ஒரே இரவில் மொட்டையாக்கிவிடும் மான்கள் இதன் பக்கம் வருவதில்லை, முயல்களும் அப்படியே. கிழங்கிலும் இலையிலும் உள்ள கசப்பான நச்சுப்பொருளே காரணம். அதே காரணத்தால், வாயில் எதையும் வைக்கும் வயதுக் குழந்தையோ நாய்க்குட்டியோ உள்ள வீட்டில் இதை எட்டாத இடத்தில் நட வேண்டும். தின்றால் வாந்தியும் வயிற்றுக் கோளாறும் வரும். கிழங்கைப் பிரிக்கும்போது சாறு பட்டுச் சிலருக்குத் தோல் எரிச்சல் உண்டாகும் என்பதால் கையுறை அணிவது நல்லது.

விதையைப் பற்றியும் ஒரு சொல். பூ உதிர்ந்த பின் இலைகளுக்கு அடியில், தரையை ஒட்டி, முக்கோண வடிவில் காய் மறைந்திருக்கும். அது வெடிக்கும்போது ஒவ்வொரு விதையின் மேலும் வெண்ணிறத்தில் பிசுபிசுப்பான ஒரு சதை ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அது எறும்புக்கான கூலி. எறும்புகள் விதையைத் தூக்கிச் சென்று சதையைத் தின்றுவிட்டு விதையைப் புற்றின் ஓரத்தில் போட்டுவிடுகின்றன. நாம் நடாத இடத்தில், கல்லிடுக்கில், ஒரு புதுச்செடி முளைப்பது அப்படித்தான். பாத்தியைச் சுற்றிப் பூச்சிமருந்து அடிப்பவர்களுக்கு இது நடக்காது.

வாங்கும்போது வேறு ஐரிஸோடு குழம்பாமல் இருப்பதும் அவசியம். ஐரிஸ் லாகுஸ்ட்ரிஸ் பார்ப்பதற்கு இதன் சிறிய அச்சாகவே இருக்கும். ஆனால் அது மிச்சிகன், விஸ்கான்சின், ஒன்டாரியோவின் பேரேரிக் கரைகளில் மட்டும் வாழ்வது, 1988இல் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்பின்கீழ் கொண்டுவரப்பட்டது, மிச்சிகனின் மாநிலக் காட்டுமலர். அதை எங்கேனும் மலிவாக விற்பனைக்குக் கண்டால் விலகிச் செல்லுங்கள். ஐரிஸ் வெர்னாவும் நம் பகுதிச் செடியே, உயரமும் ஏறக்குறைய இதேதான். ஆனால் அதற்குக் கொண்டை கிடையாது, இதழ் நடுவில் ஆரஞ்சுக் கோடு மட்டும் இருக்கும், இலை குறுகலாக இருக்கும், அமில மண்ணை அது வலியுறுத்தும். மணம் வேண்டுமென்றால் அதுவே மேல், வளர்ப்பது மட்டும் கொஞ்சம் கடினம். கொண்டை உள்ள ஜப்பானியக் கூரை ஐரிஸும் அதே அலமாரியில் இருக்கும். அது இரட்டிப்பு உயரமுள்ள ஆசியச் செடி. குளத்தோரத்துக்கென்று விற்கப்படும் மஞ்சள் ஐரிஸை மட்டும் எக்காரணத்துக்காகவும் வாங்க வேண்டாம். ஈரநிலங்களை அடைத்துவிடும் என்பதால் சில மாநிலங்களில் அதன் விற்பனைக்கே தடை இருக்கிறது.

எப்போது வாங்குவது என்று கேட்டால், நிறத்தைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்க ஏப்ரலும், செடி எளிதாக வேர் பிடிக்கச் செப்டம்பர் கடைசியும் ஏற்ற காலங்கள். ஏப்ரலில் வாங்குகிறவர் அந்தக் கோடை முழுவதும் வாரம் ஒருமுறையாவது நீர் விட வேண்டும். அடுத்த ஆண்டு முதல், மழை அறவே பொய்த்தாலொழிய, அதுவும் தேவையில்லை. நாலடி நீளம், இரண்டடி அகலமுள்ள ஓர் இடத்துக்கு குவார்ட் அளவுத் தொட்டிகள் மூன்று போதும். ஒவ்வொன்றையும் இரண்டு மூன்றாகப் பிரித்து, சம இடைவெளியில், தளிர்நுனிகள் வெளிப்புறம் பார்க்குமாறு நட்டால், இரண்டு மூன்று ஆண்டுகளில் இடைவெளி மூடிவிடும். தொட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது பூவின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். இந்த ஆண்டு பூத்த விசிறி மறுபடியும் பூக்காது, அதன் அடியிலிருந்து கிளைக்கும் புதுத் தளிரே அடுத்த ஆண்டின் பூவைத் தரும். விளிம்பை நோக்கி ஓடும் பச்சை நுனிகள் அதிகமாக உள்ள தொட்டியை எடுத்து, கவிழ்த்து வேரைக் காட்டச் சொல்லி, 'ப்ராபகேட்' செய்தது யார் என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.